எந்திரிச்சதும் மொதல்ல என்ன செய்வீங்க?

நான் பொறுப்பு நர்சிங் சூப்பரின்டெண்டெண்ட் ஆனது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி வாக்கில். அதற்கு முன் பத்தொன்பது வருடம் அதே ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக வேலை பார்த்திருந்தேன். திருச்சியில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரி அது. எங்களுக்கு மேலே இருந்த மேடம் மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போயிருந்தார். இனி வரப்போவதில்லை என்று அங்கிருந்தே மெயில் அனுப்பிவிட்டார். நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"நீங்கதான் இருக்கிறதுல சீனியர். வேற ஆள் கெடைக்கிற வரைக்கும் பாத்துக்குங்க."

"என்ன பாத்துக்கணும் சார்?"

நான் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். அவர் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். "எல்லாத்தையும்தான்" என்றார்.

முதல் மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள். வாசலில் பழைய மேடத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றவில்லை. நாற்காலி அவர் உயரத்துக்கு ஏற்றி வைத்தது; எனக்குக் கால் தரையில் படவில்லை. எப்படி இறக்குவது என்று யாரிடமும் கேட்கவும் வெட்கமாக இருந்தது. வார்டில் இருந்தவரை என்ன செய்ய வேண்டும் என்பதைப் படுக்கைகளே சொல்லிவிடும். ஏழாம் பெட்டில் டிரிப் முடிகிறது, பன்னிரண்டாம் பெட்டில் காய்ச்சல் பார்க்க வேண்டும், கால்கள் தானாகப் போகும். இந்த அறையில் எதுவும் முடியவில்லை, எதுவும் தொடங்கவும் இல்லை. கீழே வார்டில் பேஷண்ட் யாராவது அழைப்பு மணியை அழுத்தினால் அது மாடிப்படி வழியாக மெல்லக் கேட்கும். முதல் வாரம் முழுக்க அந்தச் சத்தத்துக்கு எழுந்து கதவு வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

நேற்று வரை அக்கா என்று கூப்பிட்டவர்கள் மேடம் என்றார்கள். காட்டூரிலிருந்து காலையில் என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிற இரண்டு நர்ஸுகள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். தலைமை என்றால் என்ன என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், நாம் வந்ததும் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவது என்று சொல்லியிருப்பேன். எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

நிர்வாக அதிகாரி எனக்குக் கொடுத்த முதல் வேலை டிஸ்சார்ஜ் விஷயம். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் காலையில் எழுதிக் கொடுத்தும், பேஷண்ட் கிளம்பிப் போவதற்கு மதியம் மூன்று மணி ஆகிவிடுகிறது. கீழே வரவேற்பில் புதுப் பேஷண்ட் பெட்டுக்குக் காத்திருக்கிறார். "பன்னெண்டுக்குள்ள முடிக்கணும். எங்க லேட் ஆவுதுன்னு பாருங்க" என்றார். இது எனக்குப் புரிகிற வேலை. நோட்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

பெண்கள் வார்டில்தான் தாமதம் அதிகம். அதற்குக் காரணம் ஒரே ஒரு நர்ஸ் என்பது இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. உப்பிலியபுரத்துப் பெண். அப்பாவும் அண்ணனும் விவசாயம். எங்களிடம் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அதிகம் பேசமாட்டாள், ஊசி போட்டால் வலிக்காது என்று பேஷண்டுகள் அவளைத் தேடுவார்கள். அவள் டிஸ்சார்ஜ் செய்யும் விதத்தைத் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

முஸ்லிம் அம்மா ஒருவர், மகன் சவூதியில் வேலை பார்க்கிறான், அன்று வீட்டுக்குக் கிளம்பவேண்டும். இவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். மாத்திரைக் கவர்களைக் கட்டிலில் பரப்பினாள்.

"எந்திரிச்சதும் மொதல்ல என்ன செய்வீங்கம்மா?"

"கை கால் கழுவி ஒளுச் செஞ்சிட்டு சுபுஹு தொழுவேன். வேறென்ன செய்வாங்க."

"அதுக்கப்புறம்?"

"ஒரு டீ, ரெண்டு வருக்கி. அப்புறம் படுத்துருவேன். எட்டு மணிக்கு மவன் போன் பண்ணுவான். அவன்கிட்ட பேசிட்டுத்தான் பசியாறுவேன்."

"அப்ப காலைலன்னு டாக்டர் சொன்னாரே, அத எப்ப போடுவீங்க?"

"எட்டு மணிக்குத்தான். சுபுஹு நேரத்த யாரு காலைங்கிறா? அது இருட்டுல்ல."

அது தைராய்டு மாத்திரை. வெறும் வயிற்றில் போட வேண்டியது. டீயும் வருக்கியும் போன பிறகு எட்டு மணிக்குப் போட்டால் பாதிப் பலன்தான். அவள் டாக்டரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து, கவரின் மேல் பேனாவால் பெரிதாக "சுபுஹு தொழுததும், டீக்கு முன்னாடி" என்று எழுதினாள். அந்த அம்மா எழுத்துக்கூட்டி அதைப் படித்தார். அப்படியே நாலு கவர். எல்லாம் முடிய நாற்பது நிமிடம்.

நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா போனதும் அவளை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"கவர்ல ஒண்ணு, சைபர், ஒண்ணுன்னு ஃபார்மஸியிலயே போட்டுத்தானே தர்றாங்க. காலை, ராத்திரின்னு சொன்னா போதாதா? கதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தா பன்னெண்டுக்குள்ள எப்படி முடியும்?"

"சரிங்க மேடம்" என்றாள்.

மறுநாளிலிருந்து பன்னிரண்டுக்குள் முடிந்தது. நிர்வாக அதிகாரி போனில் கூப்பிட்டுப் பாராட்டினார். நான் அந்த நாற்காலியில் முதல்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். தலைமை என்பது பிடிபட ஆரம்பித்துவிட்டது என்றுகூட நினைத்தேன்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் காந்தி மார்க்கெட் லோடுமேன் ஒருவரை ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். உடம்பெல்லாம் வேர்த்து சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கூப்பிட்டால் முனகல் மட்டும் வந்தது. சர்க்கரை அளவு மிகவும் கீழே போயிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "லாரி போயிருச்சா?" என்று கேட்டார். எங்களிடமே இருந்து பத்து நாள் முன்னால் டிஸ்சார்ஜ் ஆனவர். அவர் டிஸ்சார்ஜ் ஆன அன்று ஆண்கள் வார்டில் ஆள் குறைவு என்று நான்தான் உப்பிலியபுரத்துப் பெண்ணை அங்கே மாற்றிப் போட்டிருந்தேன். கேஸ் ஷீட்டில் "ஊசி நேரம் விளக்கப்பட்டது" என்ற கட்டத்தில் டிக் இருந்தது. கீழே அவள் கையெழுத்து.

அவர் மனைவி சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. மார்க்கெட்டில் ராத்திரி பூராவும் காய்கறி லாரி வரும். அவர் மூட்டை இறக்கிவிட்டு விடிந்து வீட்டுக்கு வருவார். நாங்கள் சொன்னபடியே காலை இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, ரெண்டு இட்லி சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அப்புறம் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் தூக்கம்; நடுவில் ஒரு வாய் சோறு கிடையாது.

"அசதியில தூங்குறாருன்னுதாங்க நெனைச்சேன். தண்ணி குடிக்க எழுப்புனேன். எந்திரிக்கல" என்றார்.

அவருக்குப் பகல்தான் ராத்திரி. கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று ஒரு வார்த்தை இருந்தது, அவ்வளவுதான்.

அவர் பிழைத்துக்கொண்டார். டாக்டர் ஊசியின் நேரத்தையும் அளவையும் அவருடைய நாளுக்கு ஏற்ப மாற்றி எழுதினார். ஆனால் மறுநாள் நிர்வாக அதிகாரி அறையில் ஒரு கூட்டம். டாக்டர், அதிகாரி, நான், அவள்.

"பேஷண்டுக்குச் சொன்னீங்களா இல்லையா?" என்று டாக்டர் அவளிடம் கேட்டார்.

"சொன்னேன் சார். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடின்னு சொன்னேன்."

"அவர் எப்ப வேலைக்குப் போறார், எப்ப தூங்கறார்னு கேட்டீங்களா?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். "இல்ல சார்."

நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். ஒரு வாக்கியம் போதும்: இவள் கேட்கிற பழக்கம் உள்ளவள்தான், நான்தான் நிறுத்தினேன். வாய்க்குள் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. டாக்டர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அப்புறம் அதிகாரி பேசினார். அப்புறம் டீ வந்தது. அப்புறம் கூட்டம் முடிந்துவிட்டது. பயந்தேனா, இல்லை இடம் கிடைக்கவில்லையா என்பது இன்றுவரை எனக்கே தெளிவாக இல்லை. பயந்தேன் என்று சொல்லிவிட்டால் சுலபம். ஆனால் அந்த நிமிடத்தில் பயம் மாதிரி எதுவும் இருக்கவில்லை. டீ சூடாக இருந்தது மட்டும்தான் ஞாபகம்.

அன்று சாயங்காலம் அவளுக்கு விளக்கம் கேட்டு மெமோ தயாராகி என் மேஜைக்கு வந்தது. நர்ஸுக்கு மெமோ என்றால் சூப்பரின்டெண்டெண்ட் கையெழுத்துத்தான் போட வேண்டும். போட்டேன்.

அவள் பதில் ஒரே வரி. "இனிமேல் கேட்டு எழுதுகிறேன்."

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. மன்னிப்பா? இல்லை, நீங்கள் நிறுத்தச் சொன்னதை இனி நிறுத்தமாட்டேன் என்கிறாளா? கையெழுத்து வழக்கம்போல உருண்டையாக, நிதானமாக இருந்தது. அதிலிருந்தும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ரெண்டு நாள் பொறுத்து மத்தியானம் நர்ஸுகள் சாப்பிடும் அறைக்குப் போனேன். அவள் தனியாக இருந்தாள். டிபன் பாக்ஸில் புளிசாதம். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"உக்காரு, சாப்பிடு. நான்தானே அன்னைக்கு நிறுத்தச் சொன்னேன். மீட்டிங்ல ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனைச்சேன் மேடம்."

அவள் மூடியைத் திருப்பி வைத்துக்கொண்டே, "அப்புறம் சொல்லலியா, சரி, மறந்துட்டீங்க போலன்னு நெனைச்சுக்கிட்டேன்" என்றாள்.

குத்திக்காட்டினாளா, தப்பிக்க எனக்கு ஒரு வழி விட்டாளா? முகத்தைப் பார்த்தேன். சாதாரணமாக இருந்தது. "கொஞ்சம் புளிசாதம் எடுத்துக்குறீங்களா?" என்று கேட்டாள். ஒரு வாய் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அன்றே நிர்வாக அதிகாரியிடம் போய், அந்த மெமோவை எடுத்துவிடுங்கள், தப்பு என்னுடையது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க டிஸ்சார்ஜ் சீக்கிரம் ஆகணும்னுதானே சொன்னீங்க? அத உங்ககிட்ட சொன்னது நான். எங்கிட்ட சொன்னது மேனேஜ்மெண்ட். இப்படியே போனா யாரு தப்புன்னு சொல்லுவீங்க?"

"எனக்குத் தெரியல சார். ஆனா அந்தப் பொண்ணு தப்பு இல்ல."

"ஃபைல்ல ஏறினத எடுக்க முடியாதுங்க. நீங்க வேணா ஒரு லெட்டர் குடுங்க, கூட சேத்து வெக்கிறேன்."

எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் எழுதியதிலேயே கஷ்டமான பத்து வரி. அதை யாராவது படித்தார்களா என்று தெரியாது. மெமோவுக்குப் பின்னால் குத்தி வைத்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஏதாவது செய்தாக வேண்டும் என்று எனக்குள் ஒரு பரபரப்பு. அவள் செய்ததை ஆஸ்பத்திரி முழுக்கக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். மூன்று நாள் உட்கார்ந்து ஒரு படிவம் தயாரித்தேன். "நோயாளியின் ஒரு நாள்" என்று தலைப்பு. எழும் நேரம், முதல் உணவு, வேலை நேரம், தூங்கும் நேரம், விரதம் உண்டா, வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் யார். ரெண்டு பக்கம், இருபத்திரண்டு கேள்வி.

டாக்டர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நர்ஸுங்க ஆளாளுக்கு டைம் மாத்துனா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"நாங்க மாத்த மாட்டோம் சார். கேட்டு உங்ககிட்ட சொல்லுவோம். மாத்துறது நீங்கதான்."

இந்த முறை வார்த்தை வெளியே வந்தது. வந்துவிட்டதே என்று எனக்கே ஆச்சரியம். அவர் யோசித்துவிட்டு, "சரி, பாப்போம்" என்றார். நிர்வாக அதிகாரிக்குப் படிவம் மிகவும் பிடித்துப்போனது. ஆஸ்பத்திரியின் தரத்தைப் பார்க்க வெளியிலிருந்து வருகிறவர்களிடம் காட்டுவதற்கு ஒன்று கிடைத்தது. "இதுதான் இன்னோவேஷன்" என்று என்னிடம் ரெண்டு தடவை சொன்னார்.

ஒரு மாதம் கழித்துப் படிவங்களை மேஜையில் அடுக்கிவைத்துப் பார்த்தேன். எல்லாரும் காலை ஆறு மணிக்கு எழுந்தார்கள். எல்லாரும் எட்டு மணிக்குச் சாப்பிட்டார்கள், பத்து மணிக்குத் தூங்கினார்கள். திருச்சி ஜில்லாவே ஒரே வீட்டில் குடியிருப்பது போல இருந்தது.

மேலாக இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த பேஷண்டையே பார்க்கப் போனேன். ஸ்ரீரங்கத்துப் பெரியவர், கோயில் கைங்கர்யக் குடும்பம். நெற்றியில் திருமண் அழியாமல், கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர். படிவத்தில் ஆறு மணி என்று இருந்தது.

"ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பீங்களா ஐயா?"

"ஆறு மணியா? மூணரைக்கே எழுந்துண்டுடுவேன். தீர்த்தமாடி, திருவாராதனம் ஆகறவரைக்கும் ஒண்ணும் வாயில விடறதில்லை. பெருமாள் அமுது செய்யாம நாம எப்படி சாப்பிடறது? ஏகாதசின்னா அன்னைக்குப் பூரா உபவாசம்."

"இதுல ஆறு மணின்னு எழுதியிருக்கே?"

"ஒரு பொண்ணு வந்தாம்மா. 'ஆறு மணிதானே தாத்தா?'ன்னு கேட்டா. பாவம், அவளுக்கு அவசரம். ஆமான்னுட்டேன்."

சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. உபவாசத்தன்று மாத்திரையை என்ன செய்வார் என்று கேட்டேன். "அது பாட்டுக்கு அது, போட்டுண்டுடுவேன்" என்றார். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை. நேராக டாக்டரிடம் ஓடினேன். அன்று ஒருவர் விஷயத்தைச் சரிசெய்தேன். மற்றப் படிவங்களில் எத்தனை பேருக்கு விடிகாலையில் பூஜை, எத்தனை பேருக்கு நைட் ஷிஃப்ட் என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் உப்பிலியபுரத்துப் பெண்ணே என் அறைக்கு வந்தாள். அதுவரை கூப்பிடாமல் வந்ததில்லை.

"மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்த ஃபாரம் வேண்டாம் மேடம்."

"ஏன்?"

"கையில பேப்பர் இருந்தா எல்லாரும் பேப்பரத்தான் பாக்குறாங்க. நானே அப்படித்தான் ஆயிட்டேன். இருபத்தி ரெண்டு கேள்விய முடிக்கணுமேன்னு இருக்கு. மூணாவது கேள்விக்கு அவங்க என்ன சொன்னாங்கன்னு காதுல ஏற மாட்டேங்குது."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க வேண்டியதில்லை. உன்னுடையதைத்தானே ஊருக்கே கொண்டுபோனேன் என்று கேட்க நினைத்தேன். அந்தப் படிவம் ஒன்றுதான் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்த காரியம். தரம் பார்க்க வருகிறவர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். இப்போது எடுத்தால் அதிகாரி என்ன சொல்வார்? எடுக்காவிட்டால் எல்லாரும் ஆறு மணிக்கே எழுந்துகொண்டிருப்பார்கள். "யோசிக்கிறேன், போ" என்றேன்.

ஒரு வாரம் யோசித்தேன் என்பது பொய். ஒரு வாரம் ஒத்திப்போட்டேன். வந்தவர்கள் படிவத்தைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன மறுநாள் அதை எடுத்தேன். பதிலாகக் கேஸ் ஷீட்டில், டிக் போடுகிற கட்டத்துக்குக் கீழே, கேள்வி எதுவும் இல்லாமல் ஒரு வெறும் கோடு மட்டும் போடச் சொன்னேன். கேட்டதில் எது முக்கியமோ அதை ஒரு வரி எழுதினால் போதும். பத்திலிருந்து பன்னிரண்டு வரை வார்டுக்கு ஒரு நர்ஸுக்கு வேறு வேலை கிடையாது. வீட்டுக்குப் போகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது மட்டும்தான். முதலில் பெண்கள் வார்டில் அவளையே போட்டேன்.

மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. என் வயது நர்ஸ் ஒருத்தி, என்னோடு ஒன்றாகப் படித்தவள், நேராகவே வந்து கேட்டாள். "அவ ஸ்டூல் போட்டு உக்காந்து பேசுவா. நாங்க பெட்பேன் எடுக்கணும். அதானே?" அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாரத்துக்கு ஒருத்தர் என்று சுற்றுமுறையாக மாற்றினேன். சிலர் நன்றாகக் கேட்டார்கள். சிலர் அந்த ரெண்டு மணி நேரத்தை ஓய்வு என்று எடுத்துக்கொண்டார்கள். சண்டைக்கு வந்தவள்தான் பேஷண்டுகளிடம் எல்லாரையும்விட நன்றாகப் பேசினாள் என்பது எனக்கு எதிர்பாராத விஷயம். டிஸ்சார்ஜ் மறுபடி ஒரு மணி, ஒன்றரை என்று போனது. அதிகாரி கேட்டார். "ஆமா சார், லேட்டாவுது" என்று மட்டும் சொன்னேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியாது.

இந்த நேரத்தில்தான் ஸ்ரீரங்கத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். "செவிலியர் பணியில் தலைமையும் புதுமையும்" என்று பேனர். அதில் என் பெயருக்குப் பின்னால் ஏகப்பட்ட எழுத்துகள். அதில் ஒரு பட்டம் நான் வாங்காதது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன், வேர்த்துக் கொட்டியது. லோடுமேனைப் பற்றி, படிவத்தைப் பற்றி, வெறும் கோட்டைப் பற்றிப் பேசினேன். பிள்ளைகள் கவனமாகக் கேட்டார்கள். முடிந்ததும் மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள்.

"மேடம், பேஷண்டோட நாளப் பத்திக் கேக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"எனக்குத் தோணலம்மா. எங்க ஸ்டாஃப் ஒருத்தங்க செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நான் போய் அத நிறுத்தினேன். அப்புறம் அவங்களுக்கே மெமோவும் குடுத்தேன்."

யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். கல்லூரி முதல்வர் மைக்கை வாங்கி, "எவ்வளவு அடக்கம் பாருங்க! தன்னோட டீமுக்குப் பெருமையக் குடுக்கறாங்க. இதுதான் உண்மையான தலைமைப் பண்பு" என்றார். நான் உண்மையைத்தான் சொன்னேன் என்று மறுபடி சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் சால்வை போர்த்திவிட்டார்கள்.

பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது சால்வை மடியில் இருந்தது. கூட்டத்தில் வாயைத் திறக்காத அன்று யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. இன்று வாயைத் திறந்து எல்லார் முன்னாலும் சொன்னேன், யாரும் நம்பவில்லை. இதில் எதற்காக வருத்தப்படுவது என்று தெரியாமல் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பூ வாங்கிக்கொண்டு காட்டூர் பஸ் ஏறினேன்.

அடுத்த மாதம் உப்பிலியபுரத்துப் பெண் ராஜினாமாக் கடிதத்தோடு வந்தாள். அரசாங்க வேலை கிடைத்துவிட்டது. அவள் ஊருக்குப் பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையம். பெண்கள் வார்டுக்கு அவளை இன்சார்ஜ் ஆக்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"இல்ல மேடம். வீட்டுல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. எனக்கும்தான்."

"அங்க உனக்கு சுலபமா இருக்கும். எல்லாம் தெரிஞ்ச ஜனங்க."

"அதான் மேடம் பயமா இருக்கு. தெரிஞ்சவங்கதானேன்னு கேக்காம விட்டுருவேனோன்னு."

அனுபவச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். மெமோவைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று கடைசிவரை காத்திருந்தேன். அவள் சான்றிதழைக் கவரில் போட்டு, "போயிட்டு வரேன் மேடம்" என்றாள். அவள் என்னை மன்னித்தாளா, அல்லது அவளுக்கு அது மன்னிக்கிற அளவு பெரிய விஷயமாகவே இல்லையா? கேட்டிருக்கலாம். அவ்வளவு தூரம் வந்தும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என்னை நிரந்தரமாக்கி உத்தரவு வந்தது. "பொறுப்பு" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் டைம் கேட்டேன். என் கணவர், "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடு, வேணும்னா கையெழுத்துப் போடு, ஏன் தூங்காம உருண்டுக்கிட்டே இருக்கே?" என்றார். கையெழுத்துப் போட்டேன். வேறு யாராவது வந்தால் கேஸ் ஷீட்டிலிருந்து அந்தக் கோட்டை எடுத்துவிடுவார்கள் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது மாதக் கடைசியில் டிஸ்சார்ஜ் ஆனவர்களின் கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்க்கிறேன். ஏறக்குறையப் பாதியில் அந்தக் கோடு காலியாக இருக்கிறது. மீதியில் ஏதோ இருக்கிறது. போன மாதம் ஒன்றில், "நாலு வீட்டில் சமையல் வேலை. சொந்தச் சாப்பாடு மதியம் மூன்றுக்குத்தான். டாக்டரிடம் சொல்லியாச்சு" என்று இருந்தது. பழக்கமில்லாத கையெழுத்து, டிக்குக்குக் கீழே பெயரும் போடவில்லை. வார்டுக்கு எடுத்துக்கொண்டு போய், "இத யாரு எழுதுனது?" என்று கேட்டேன். டியூட்டியில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

"திட்டுறதுக்கு இல்ல. நல்லாத்தான் எழுதியிருக்கு. அதான் கேக்குறேன்."

ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். "நாங்க இல்ல மேடம், மார்னிங் ஷிஃப்டா இருக்கும்" என்றாள் மூன்றாமவள். மார்னிங் ஷிஃப்டில் கேட்டேன், அந்த வாரச் சுற்றுமுறையில் இருந்தவளும் தான் இல்லை என்றாள், ஈவினிங் என்றார்கள். இரண்டு நாள் அலைந்துவிட்டு விட்டுவிட்டேன். ஃபைலில் என் கையெழுத்தைப் போட்டு ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பினேன்.